தந்திக்கும் மரத்துக்கும் நடுவே

முதல் கித்தார் வாங்க வருகிறவர் கேட்பது விலை. பிறகு நிறம். தந்தி எத்தனை உயரத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முதல் ஆண்டு முழுக்க விரல் மல்லுக்கட்டப் போவது அந்த உயரத்தோடுதான்.

*

எஸ்டேட் பக்கத்துத் தம்பி ஒருவன் சொன்னான்: “விரல் ரொம்ப வலிக்குதுண்ணே. எனக்கு இது வராது போல.”

எல்லாருக்கும் வலிக்கும், பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. விரல் நுனி சில வாரத்தில் காய்த்துவிடும். மீதிப் பாதி கித்தாரின் கோளாறு. அவனுடையதில் கழுத்தின் பன்னிரண்டாம் குறுக்குக் கம்பிக்கு, அதாவது ஃபிரெட்டுக்கு, மேலே தடித்த தந்தி நாலு மில்லிமீட்டருக்கும் கூடுதலாக எழும்பி நின்றது. எஃகுத் தந்திக்கு இரண்டரை போதும். நைலானாக இருந்தால் நாலு வரை பொறுக்கலாம். இதை அளக்கப் பள்ளிக்கூட ஸ்கேலே போதும்.

தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் நட்டை யாரும் பார்ப்பதே இல்லை. மூன்றாம் ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. அதற்கு மேல் இருந்தால் எஃப் கார்டு பிடிக்கையில் பிள்ளைக்குக் கண்ணீர் வரும். எத்தனையோ பேர் தங்களுக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

*

எங்கள் மலாக்காவுக்குக் கித்தார் வேற்று ஆள் அல்ல. 1511-இல் போர்ச்சுகீசியர் இந்த ஊரைப் பிடித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சிறு தந்தி வாத்தியங்களின் வழியில்தான் குரோஞ்சோங் இசை வளர்ந்தது என்பார்கள். போர்ச்சுகீசியர் குடியிருப்பு இருக்கும் ஊஜோங் பாசிரில் ஜூன் கடைசியில் சான் பெட்ரோ விழா வந்தால் கித்தார் சத்தம் கேட்கும். ஊரின் தெங்கேராப் பகுதிக்குப் பக்கத்திலேயே காஜா பேராங். அங்கே தமிழ் வழிவந்த மலாக்கா செட்டிகள் இருக்கிறார்கள். வீட்டுப் பேச்சு மலாயாக மாறிப் பல தலைமுறை ஆகிறது, கோயில் மாறவில்லை. 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய டொண்டாங் சாயாங் பாட்டை மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்ச்சுகீசியர் ஆகியோரோடு செட்டிகளும் பாடுகிறார்கள். அதில் மட்டும் முன்னே நிற்பது கித்தார் அல்ல, வயலினும் ரெபானா மேளமும்.

மலிவான கித்தாரை இங்கே ‘கபோக்’ என்பார்கள். சீனாவில் குவாங்சோவில் செய்து வந்த ஒரு முத்திரையின் பெயர் அது. இப்போது எந்த முத்திரையாக இருந்தாலும் அதே பெயர்தான்.

*

எஃகா, நைலானா? பிள்ளை எதை வாசிக்க ஆசைப்படுகிறது என்று கேட்டால் பாதி பதில் வந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளில் பலர் ‘இளைய நிலா’ என்பார்கள். 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துக்காக ஆர். சந்திரசேகர் வாசித்தது. தந்தி தந்தியாக விரலால் மீட்ட வேண்டியது. அதற்கு நைலான் கித்தாரின் அகலமான கழுத்து புது விரலுக்கு இடம் கொடுக்கும். நட்டில் 52 மில்லிமீட்டர் வரை இருக்கும். எஃகுக் கித்தாரில் 43 அளவுதான். கார்டு பிடித்துக்கொண்டு கூட்டமாகப் பாடத்தான் ஆசை என்றால் எஃகு. சின்னக் கையாக இருந்தால் முக்கால் அளவுக் கித்தார் கேளுங்கள், அது குறைச்சல் இல்லை.

நைலான் கித்தாரில் எஃகுத் தந்தி மட்டும் மாட்டாதீர்கள். ஆறு நைலான் தந்தியும் சேர்ந்து இழுப்பது நாற்பது கிலோ அளவு. எஃகு எழுபதைத் தாண்டும். ஒரு நாள் ராத்திரி ‘டப்’பென்று தந்தியைக் கட்டியிருக்கும் குதிரை பெயர்ந்து வரும்.

*

தெங்கேராவின் பின்னால் கடலைத் தள்ளி, மண் கொட்டி, வீடு கட்டிவிட்டார்கள். உப்புக் காற்று தள்ளிப் போகவில்லை. தந்தி சீக்கிரம் கறுத்துச் சொரசொரக்கும். வாசித்து முடித்ததும் பழைய துணியால் துடைத்தால் கொஞ்ச நாள் கூட வரும்.

ஈரம் அதைவிடப் பெரிய சங்கதி. கித்தார் செய்பவர்கள் காற்றில் 45 முதல் 55 விழுக்காடு ஈரத்தைத்தான் விரும்புகிறார்கள். மலாக்காவில் 80 சாதாரணம். மரம் ஈரத்தைக் குடித்து, மேல்பலகை உப்பி, தந்தியும் கூடவே எழும்பும். கடையில் சரியாக இருந்தது மழை மாதத்தில் கடினமாவது இதனால்தான். ஒட்டுப்பலகைக் கித்தாரைக் கேலி பேசும் ஆட்கள் உண்டு. முழுப்பலகைக்கு ஓசை அழகுதான். ஆனாலும் இந்தக் காற்றில், முதல் கித்தாருக்கு, நான் ஒட்டுப்பலகைக் கட்சி. உறைக்குள் இரண்டு சிலிக்கா பொட்டலம் போட்டு வைத்தால் நல்லது. வெயிலில் நிற்கும் காருக்குள் கித்தாரை விட்டுப் போனால் கோந்து இளகிவிடும்.

*

புதுத் தந்தி மாட்டிய அன்று அவசரம் ஆகாது. சுருதி சேர்ப்போம், இறங்கும். மெல்ல இழுத்துவிட்டு மறுபடி சேர்ப்போம், மறுபடி இறங்கும். தந்தி தன் நீளத்தில் நிலைக்கும்வரை இப்படித்தான். சுருதி ஏறிவிட்டால் கீழே இறக்கி, கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்த வேண்டும். இறக்கி நிறுத்தினால் முறுக்காணியில் தொய்வு தங்கிவிடும்.

கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிப்பவருக்கு ஆறு தந்தியின் சுருதியை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தடித்த தந்தி மூன்று கட்டை. அடுத்தடுத்து ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு. கடைசி மறுபடி மூன்று கட்டை, இரண்டு ஸ்தாயி மேலே. கைப்பேசியில் செயலி இருக்கிறது, இருக்கட்டும். செயலியைப் பார்க்குமுன் ஒரு தந்தியைத் தட்டி, அது அடங்கும்வரை கேட்டுவிட்டு, பிறகு முறுக்கிப் பாருங்கள். முதல் வாரத்தில் வாசிப்பைவிட இந்தக் கேட்பே எனக்குப் பிடிக்கிறது.

*

உயரமாக நிற்கும் தந்தியை இறக்கக் குதிரையின் மேலிருக்கும் வெள்ளைப் பட்டையை எடுத்து, அடிப்பக்கத்தைத் தேய்ப்பார்கள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் பட்டையில் இரண்டு தேய வேண்டும். தேய்த்தது திரும்ப வராது. அளவு தப்பினால் தந்தி ஃபிரெட்டில் பட்டு இரையும். தெரிந்தவர் கையில் கொடுப்பதே நல்லது. நட்டையும் நீங்களே தொட வேண்டாம்.

பிறந்தநாள் பரிசென்று பிள்ளைக்குத் தெரியாமல் வாங்காதீர்கள். கூடவே கூட்டிப்போய் மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்நூறு வெள்ளி கையில் இருந்தால் நானூறுக்குக் கித்தார் எடுங்கள். மிச்சத்தைத் தந்தி இறக்கும் கைவேலைக்குக் கொடுங்கள்.