மெருகும் மெய்மையும்

பழைய பொருளைத் துலக்கிப் புதிதாக்கினால் அதன் மதிப்புக் கூடும் என்பதே நம்மிற் பலரின் எண்ணம். குத்துவிளக்கிற்கு அது பொருந்தலாம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் துவக்குகளைச் சேகரிப்போரிடமோ நிலைமை நேர்மாறானது. ஆலையிலிருந்து வந்தபோதிருந்த மேற்பூச்சு தேய்ந்திருந்தாலும் மங்கியிருந்தாலும் அதையே அவர்கள் பெரிதாக மதிக்கிறார்கள். பின்னர் பூசப்பட்டதென்று தெரிந்தால் விலை விழுந்துவிடும்.

அதை எவ்வாறு கண்டறிகிறார்கள்? மோசர் ஆலை 1937 வரை 'லூகர்' கைத்துவக்குகளை மெல்லத் துருவேற்றிக் கருநீலமாக்கியது. விசை முதலான சிற்றுறுப்புகள் சூட்டினால் வைக்கோல் நிறம் பெற்றன. அதன்பின் கொதிக்கும் உப்புக் கரைசலில் தோய்க்கும் முறை வந்தது; சிற்றுறுப்புகளும் கருநீலமாயின. ஆகவே 1936ஆம் ஆண்டுப் பொறிப்புள்ள ஒன்றில் எல்லா உறுப்புகளும் ஒரே நீலமாக மின்னினால் ஐயம் எழும். தேய்த்து மெருகேற்றும்போது கூரிய விளிம்புகள் மழுங்கும். கழுகு முத்திரை ஆழமிழக்கும். துளைகளின் ஓரம் குழியும். போரின் இறுதியில் அவசரமாகச் செய்தவற்றில் கடைசல் வரிகள் அப்படியே தெரியும். அங்கே மழமழப்புத்தான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும்.

அப்படியானால் மீளப் பூசுவதே பாவமா? அல்ல. சோவியத் படையினர் தாம் கைப்பற்றிய மோசர் துவக்குகளைப் போருக்குப் பின் கழற்றிப் பழுதுபார்த்து மீளக் கறுப்பேற்றினார்கள். அதில் வஞ்சனை இல்லை. அவ்வாறு பூசியதை 'ஆலையில் செய்தபடியே உள்ளது' என்று சொல்லி விற்பவனே ஏழாம், எட்டாம் கட்டளைகளை ஒருங்கே மீறுகிறான்.

இன்னுமொரு கேள்வி உண்டு. உண்மையானது என்பதனாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடுமா? கைப்பிடியின் தேய்வு அது பயன்பட்டதைச் சொல்லும். யார்மீது பயன்பட்டது என்பதைச் சொல்லாது. இரும்பிடம் உண்மையை எதிர்பார்ப்பவன் அது பறித்த உயிரைப் பற்றிக் கேளாதிருந்தால், அவனுடைய நேர்மை அரைகுறையானதே.

மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் நமக்கு இது தூரதேசத்துக் கேள்வியன்று. 1990 ஜூலை 12ஆம் திகதி கல்முனை வீதியால் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் யாத்திரை முடித்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டான் பகுதித் தமிழ் மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பின்னதை நாம் உரத்துச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். முன்னதைச் சொல்லும்போது குரல் தாழ்கிறது. 'அந்தக் காலம் அப்படி' என்று ஒரு பூச்சுப் பூசிவிடுகிறோம்.

பூசுவோர் எல்லோருடைய நோக்கமும் தீயதென்று சொல்வதற்கில்லை. ஆறிய புண்ணைக் கிளறுவானேன், அயலவரோடு சமாதானமாயிருப்போம் என்று நினைப்போரும் உண்டு. ஆனால் புண் யாருக்கு ஆறியது? தகப்பனின் எலும்பையாவது எடுத்து முறைப்படி அடக்கம் செய்யக் காத்திருக்கும் மகனுக்கு நமது மௌனம் சமாதானமாகத் தோன்றாது. பூச்சுக்கு அடியில் துரு அரித்துக்கொண்டே இருக்கும்.

பிறர் செய்த கொலைக்கு நாம் குற்றவாளிகள் அல்லர். நடந்ததை நாம் எவ்வாறு சொல்கிறோம் என்பதற்கோ நாமே பொறுப்பாளிகள். பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை அழகுபடுத்திச் சொல்லலாகாது என்று சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். மனச்சான்றுக்கு உரிய அந்த விதி ஊரின் நினைவுக்கும் உரியதே.

ஆகையால், நம் பிள்ளைகள் 1990ஐப் பற்றிக் கேட்கும்போது சத்துருக்கொண்டானையும் குருக்கள்மடத்தையும் ஒரே குரலில் சொல்வோம். இரண்டு இடத்திலும் இறந்தோருக்காக ஒரே செபத்தில் மன்றாடுவோம்.