ஓடாமல் வைத்த சைக்கிள்

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தொடாமலே வைத்திருப்பதுதான் அமானிதத்தைப் பேணுவதா? இணுவிலில் இருக்கும் என் நண்பருக்கு இந்தச் சந்தேகம் வந்தது. கட்டாருக்குப் போன என் மருமகன் தன் மவுண்டன் பைக்கை அவர் வீட்டில் விட்டிருந்தான். "முன் சொக் இறுகிப்போச்சு. கழட்டி ஒயில் மாத்தலாம். ஆனால் பிள்ளையின்ர சாமானெல்லே. உங்கட மார்க்கத்தில என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

மருமகனுக்கு ஓர் அழைப்பு எடுத்தோம். காரியம் முடிந்தது. கேள்விதான் முடியவில்லை.

அந்தச் சொக்கின் உள்ளே ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் ஏறி இறங்குகிறது. வாயில் றப்பர் சீல், அதன்கீழ் ஒயில் ஊறிய ஸ்பொஞ்ச் வளையம். ஓடினால் குழாய் நனைந்துகொண்டேயிருக்கும். நிறுத்திவைத்தால் ஒயில் அடியில் தங்கிவிடும், வளையம் காய்ந்து சீல் ஒட்டிக்கொள்ளும். இதற்காகவே சைக்கிளை இடைக்கிடை தலைகீழாக வைப்பவர்கள் உண்டு. சரி, கழற்றலாமென்றால் முதலில் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். உட்குழாயில் ஒரு கீறல் விழுந்தால் அது மாறாது. தொட்டாலும் ஆபத்து, தொடாவிட்டாலும் ஆபத்து. நண்பர் கழற்றினார். பழைய சீல்களை எறியாமல் கடதாசியில் சுற்றி வைத்தார், உடையவனுக்குக் காட்ட.

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) தமது 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் இதற்கு நெருங்கிய ஒன்றைப் பேசுகிறார். அமானிதமாக வந்த கம்பளி உடுப்பைப் பூச்சி அரிக்காமல் காற்றில் விரிப்பது பொறுப்பாளரின் கடமை. தேவையானால் அணியவும் வேண்டும் என்கிறார். அனுமதியின்றிப் பாவித்தவர் நட்டத்துக்குப் பொறுப்பு என்ற அதே சட்டத்துக்குள்தான் இதுவும் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இது கிதாபு மட்டுமல்ல. 1990 ஒக்டோபர் 30 அன்று சில மணிநேரத்தில் வெளியேற்றப்பட்டபோது சைக்கிளையும் தையல் மெசினையும் திறப்பையும் தமிழ் நண்பர்களிடம் கொடுத்தவர்கள் உண்டு. அழைத்துக் கேட்கத் தொலைபேசி எங்கே? அது பொருளாதாரத் தடையின் காலம். பெற்றோலின்றிக் குடாநாடே சைக்கிளில் ஓடியது. கொட்டிலில் ஒரு சைக்கிள் சும்மா நிற்க, நோயாளியை எப்படிக் கொண்டுபோவது? எடுத்து ஓடியவரை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30இல் வலிகாமமும் இடம்பெயர்ந்தது. இணுவிலாரும் வீடுகளைப் பூட்டிவிட்டு நடந்தார்கள்.

வீடுகளின் கதைதான் சிக்கல். ஆளில்லாத வீடு கறையான் தின்று விழும். ஆகவே குடியிருந்து காப்பாற்றினோம் என்பதிலும் உண்மையிருக்கிறது. அது நவவி சொன்ன நியாயந்தான். ஆனால் அவர் அணியச் சொன்னது பூச்சிக்காக, குளிருக்காக அல்ல. 2009க்குப் பின் உடையவர் வந்து படலையில் நின்றபோது, "இவ்வளவு காலம் பார்த்தது நாங்கள்" என்ற பேச்சு சில இடங்களில் எழுந்தது. அது எந்த வருடத்தில் அந்த வாயில் முளைத்திருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.