பேரமும் மனச்சான்றும்

வீட்டை விற்பவர் அதன் குறைகளை மறைக்கலாமா என்று வகுப்பில் கேட்டால், மறைக்கக் கூடாது என்று மாணவர்கள் ஒரே குரலில் விடை சொல்வார்கள். வாங்குபவர் அதன் நிறைகளை மறைக்கலாமா என்று கேட்டால், வகுப்பில் அமைதி நிலவும். முதல் கேள்விக்குரிய விடை நூல்களில் உண்டு. இரண்டாம் கேள்விக்குரிய விடையை நான் என் வாழ்க்கையில்தான், அதுவும் காலந்தாழ்த்திக் கற்றேன். அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதல் கேள்வி மிகப் பழையது. உரோமானிய அறிஞர் சிசரோ, கி.மு. 44இல் தம் மகனுக்கு எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இதனை ஆராய்கின்றார். ஒருவர் தம் வீட்டை விற்க முன்வருகின்றார். மரங்கள் உறுதியற்றவை, படுக்கையறைகளில் பாம்புகள் நடமாடுகின்றன. இவை அவர் ஒருவருக்கே தெரியும். சொல்லாமல் விற்கலாமா? விற்கலாம் என்பது பாபிலோனைச் சேர்ந்த டயோஜினிஸ் என்னும் மெய்யறிஞரின் வாதம். வாங்கும்படி எவரையும் வற்புறுத்தவில்லை, பொய்யும் கூறவில்லை, பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பு என்பார் அவர். அவருடைய மாணவர் ஆண்டிபேட்டரோ இதனை மறுக்கின்றார். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதே பழி என்றால், தெரிந்தே ஒருவனைப் படுகுழியில் விழவிடுவது அதனினும் கொடிதன்றோ என்பது அவர் வாதம்.

சிசரோ ஆண்டிபேட்டரின் பக்கமே நிற்கின்றார். பேசாதிருப்பது எல்லாம் மறைத்தல் ஆகாது. ஆனால், பிறர் அறிந்தால் அவர்க்கு நன்மை பயக்கும் ஒன்றை, நம் ஊதியத்திற்காக அவர் அறியாதிருக்க வேண்டும் என்று விரும்புவதே மறைத்தல் என்று அவர் வரையறுக்கின்றார். சென்டுமாலசு என்பவரின் வழக்கையும் எடுத்துக்காட்டுகின்றார். உரோமின் சீலியன் குன்றிலிருந்த அவருடைய வீடு, பறவை நிமித்தம் பார்ப்போரின் பார்வையை மறைத்ததால் அதன் உயரமான பகுதிகளை இடிக்கும்படி ஆணை வந்தது. அவர் ஆணையை மறைத்து வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவருக்கு நேர்ந்த இழப்பை விற்றவரே ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

நம் நாட்டுச் சட்டம் இவ்வளவு தொலைவு செல்வதில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கின்றது. நோயுற்ற குதிரையை ஏலத்தில் விற்பவன் அதன் நோயைச் சொல்லாவிட்டால் அது மோசடியன்று என்பது அச்சட்டம் தரும் எடுத்துக்காட்டு. ஆனால் அச்சட்டமே இரண்டு விலக்குகளையும் காட்டுகின்றது. வாங்குபவள், பருவம் எய்திய தன் மகளாக இருந்தால், அந்த உறவே உண்மையைச் சொல்லும் கடமையைத் தந்தைக்கு உண்டாக்குகிறது. 'நீ மறுக்காவிட்டால் குதிரை நலமுடையது என்றே கொள்வேன்' என்று வாங்குபவன் சொல்லும்போது விற்பவன் வாளாவிருந்தால், அந்த மௌனமே பேச்சாகிவிடுகிறது. நம்பிக்கை எங்கே வைக்கப்படுகிறதோ அங்கே கடமை பிறக்கிறது என்பதே இவ்விரண்டின் உட்பொருள்.

இங்குவரை எல்லாம் விற்பவனைப் பற்றிய பேச்சே. வள்ளுவர் மட்டும் இருவரையும் ஒரே தராசில் நிறுத்துகின்றார். நடுவுநிலைமை அதிகாரத்தை அவர் வணிகர்க்குரிய அறிவுரையோடு முடிப்பது எண்ணத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுக என்பது அதன் கருத்து. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமையோடு, கொள்ளும்போது மிகுத்துக் கொள்ளாமையையும் சேர்த்தே விளக்குகின்றார். இக்குறளை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கின்றேன். கொள்பவனும் இதனுள் அடங்குவான் என்பதை அக்காலத்தில் என் நெஞ்சில் கொள்ளவில்லை.

2008இல் நான் கேமரன் மலையில் ஆசிரியராகப் பணியாற்றினேன். தானா ராத்தாவில் ஒரு சிறிய வீடு விலைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து மறைந்த ஒருவரின் துணைவியார் அதனை விற்க விரும்பினார். கடல் மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கும் மேலுள்ள அவ்வூரில் வெப்பநிலை இரவில் 15 பாகை அளவுக்கு இறங்குவதுண்டு. ஆகவே, சமவெளியில் வசதியாகக் கருதப்படும் 'வாட்டர் ஹீட்டர்' அங்கே இன்றியமையாதது. அவ்வீட்டில் இருந்த சுடுநீர்க் கலன் பன்னிரண்டு ஆண்டுப் பழையது.

எனக்குத் தெரிந்த மின்பணியாளர் ஒருவரை அழைத்துச் சென்று அதனைச் சோதித்தேன். இத்தகைய எஃகுக் கலனுக்குள் ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும். அது தான் அரிக்கப்பட்டுக் கலனைத் துருவிலிருந்து காக்கும். அது கரைந்து தீர்ந்தபின் மாற்றாமல் விட்டால்தான் கலன் துருப்பிடிக்கத் தொடங்கும். எனவே கலனின் நலத்தை ஆண்டுக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது, பராமரிப்பும் சொல்லும். தண்டு அண்மையில் மாற்றப்பட்டிருப்பதாகவும், கலன் உறுதியாக இருப்பதாகவும், பாதுகாப்பு வால்வை மட்டும் மாற்றினால் போதும் என்றும் அவர் என்னிடம் தனியே கூறினார். அதற்கு நூறு வெள்ளிகூட ஆகாது.

நான் அந்த அம்மையாரிடம் திரும்பி வந்து என்ன சொன்னேன்? "அம்மா, கலன் பழையது. இனி உதவாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். விலையில் மூவாயிரம் வெள்ளி குறைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சிறிது நேரம் என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்கள் வாத்தியார். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லி இசைந்தார். அன்று வீடு திரும்பும்போது நான் மகிழ்ச்சியோடுதான் இருந்தேன். பேரத்தில் வென்றவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி அது.

அக்கலன் மேலும் ஒன்பது ஆண்டுகள் உழைத்தது. ஒவ்வொரு விடியலிலும் அது தந்த சுடுநீர், நான் சொன்ன பொய்யை எனக்கு நினைவூட்டியது. 2017இல் அது ஒழுகத் தொடங்கியபோது, அந்த அம்மையாரின் இருப்பிடத்தை விசாரித்து, ஈப்போவில் அவர் மகன் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததைச் சொல்லி, மூவாயிரம் வெள்ளியை அவர் முன் வைத்தேன்.

அவர் வியக்கவில்லை. "அன்றைக்கே எனக்குத் தெரியும் ஐயா. அந்தத் தண்டை மாற்றியவர் என் வீட்டுக்காரர்தான். மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நாள் நெருங்கிவிட்டது. அதற்கு மேலும், ஒரு வாத்தியாரைப் பார்த்து நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வேன்?" என்றார். பணத்தைப் பெற்றுக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் என்னை நம்பி இசைந்தார் என்று நான் அதுநாள்வரை எண்ணியிருந்தேன். உண்மையில் அவர் என் தொழிலின் மதிப்பைக் காப்பாற்றுவதற்காக வாய் மூடியிருந்தார். அவருடைய வறுமையும் மரியாதையும் எனக்கு ஊதியமாயின.

அப்படியானால் பேரமே பேசக் கூடாதா என்று மாணவர்கள் கேட்கலாம். பேசலாம். பழைய கலனுக்குப் புதியதன் விலையைக் கொடுக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர். இத்தனை ஆண்டு உழைத்த பொருள் இன்னும் சில ஆண்டுகளே உழைக்கும் என்று சொல்லிக் குறைத்துக் கேட்பது நேர்மையான பேச்சு. இருவர் கண்ணுக்கும் தெரிவதைப் பற்றி இருவரும் வாதிடலாம். என் செலவில் நான் அறிந்துகொண்டதை என்னுள்ளேயே வைத்திருக்க எனக்கு உரிமை உண்டு என்று டயோஜினிஸ் வாதிடக்கூடும். அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால் அறிந்ததற்கு மாறாகப் பேச அவரும் இசையார். நான் செய்தது அதனையே. முதுமை ஒரு பொருளின் குற்றம் அன்று. இல்லாத குற்றத்தை அதன்மேல் ஏற்றுவதும், உள்ள குற்றத்தை மறைப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள்.

பேரம் பேசுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எதிரே இருப்பவர் நான் அறிந்ததையெல்லாம் அறிந்திருந்தால், இந்தச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேனா? சொல்வேன் என்றால் அது பேரம். தயங்குவேன் என்றால் அது பறித்தல். ஆசிரியராகிய நமக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. நம் சொல்லை மக்கள் சோதிக்காமல் ஏற்கின்றனர். ஐயம் எழுந்தாலும் நம் முகத்துக்காக அடக்கிக்கொள்கின்றனர். அந்த மதிப்பு நமக்கு முன்னிருந்த ஆசிரியர்கள் ஈட்டி வைத்துச் சென்ற சொத்து. அதனைச் சந்தையில் செலவிட நமக்கு உரிமை இல்லை. நான் ஒருமுறை செலவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அந்த அம்மையார் அன்று என்னைப் பார்த்த பார்வையை மட்டும் திருப்பிக் கொடுக்க இயலவில்லை.