ஒடித்த இடம்

இரண்டு வருஷத்துக்கு முன், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு காகிதப்பூக் கிளையைத் திருடினேன்.

திருச்சி தில்லைநகரில் நான் காலை நடைக்குப் போகும் வழியில் ஒரு வீடு. சுற்றுச்சுவருக்கு மேலே ஏறி, பாதித் தெருவுக்கு நிழல் போட்டுக்கொண்டு நிற்கும் செடி. செங்கல்பொடி நிறப் பூ, வாட வாட ரோஸ் ஆகிவிடும். அந்த நிறம் நர்சரியில் கேட்டும் கிடைக்கவில்லை. காலை ஐந்தரை மணி, தெருவில் ஆள் இல்லை. பென்சில் பருமனில் ஒன்றைப் பிடித்து முறுக்கினேன். காகிதப்பூ முருங்கை இல்லையே, படக்கென்று ஒடிய. இழுத்தேன். அரைச் சாண் நீளத்துக்குப் பட்டையும் உரிந்துகொண்டு வந்தது. முள் உள்ளங்கையைக் கீறிவிட்டது. துண்டில் சுருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் வேறு தெரு வழியாகப் போயிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அதே தெருவில் போனேன். நான் பிய்த்த இடத்தில் நார் தொங்கவில்லை. பட்டை உரிந்த பகுதி முழுக்க நீக்கப்பட்டு, கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக ஒரே வெட்டு. வெட்டுவாயில் மஞ்சளாக ஏதோ பூசியிருந்தது.

யாரோ பார்த்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகவோ, விடிந்த பிறகு பெருக்க வந்தபோதோ. பார்த்துவிட்டுத் திட்டவில்லை, 'செடியைத் தொடாதீர்கள்' என்று அட்டை எழுதித் தொங்கவிடவில்லை. கத்தி எடுத்து வந்து ஒழுங்காக வெட்டி, சமையலறையிலிருந்து மஞ்சள் குழைத்து வந்து தடவியிருக்கிறார்கள். குழந்தை முழங்காலில் சிராய்த்துக்கொண்டால் செய்வது போல. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது முனகிவிட்டு மறந்திருப்பேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே" என்றாள் என் மனைவி. கொடுத்திருப்பார்கள்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை.

லால்குடியில் நான் வளர்ந்த வீட்டில் அம்மா காசு கொடுத்து ஒரு செடியும் வாங்கியதாக ஞாபகம் இல்லை. குரோட்டன்ஸ், டிசம்பர் பூ, டேபிள் ரோஸ் எல்லாம் சுவர் தாண்டி வந்தவை. கேட்டு வாங்கின குச்சி துளிர்க்காது, திருடி நட்டால்தான் பிடிக்கும் என்பது எங்கள் தெருவின் வேதம். மணி பிளான்ட்டுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஆனால் அந்தத் திருட்டுக்கு ஒரு முறை இருந்தது. அம்மா மேலண்டை வீட்டு அத்தையின் குரோட்டன்ஸ் பக்கத்தில் போய் நின்று, "இலை என்ன பளபளப்புக்கா!" என்பாள். அத்தைக்குப் புரிந்துவிடும். "அடுப்புல பாலை வச்சுட்டேன், பாத்துட்டு வரேன், நீ நில்லு" என்று உள்ளே போவார். எந்தப் பாலும் இருக்காது. அம்மா ஒரு குச்சியை ஒடித்து முந்தானையில் மறைப்பாள். அத்தை திரும்பி வந்து வேறு பேச்சு பேசுவார். ஒருவர் கொடுக்கவும் இல்லை, மற்றவர் வாங்கவும் இல்லை. நன்றி சொல்ல வேண்டிய கடன் யாருக்கும் இல்லை.

எனக்காக யாரும் அடுப்பைப் பார்க்க உள்ளே போகவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது.

கொண்டுவந்த கிளையை மூன்று துண்டாக்கி, மணல் கலந்த மண்ணில் குத்தி, பிளாஸ்டிக் பையால் மூடி வைத்தேன். இரண்டு கருகிவிட்டன. ஒன்று பிழைத்தது. ஒரு வருஷம் முழுக்க இலையாகவே தள்ளியது. நர்சரிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "தினம் தண்ணி ஊத்துனா அது ஏன் சார் பூக்கணும்? வாட விடுங்க. இலை தொங்குற வரைக்கும் கிட்ட போகாதீங்க." விட்டேன். இலை தொங்கும்போதெல்லாம் சொம்போடு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேனே தவிர ஊற்றவில்லை. போன வருஷம் மாசியில் பூத்தது. அதே செங்கல்பொடி நிறம். பூ என்று நாம் சொல்வது நிறம் மாறிய இலைதான். அசல் பூ அதன் நடுவில் வெள்ளையாக, அரிசிப்பொரி மாதிரி இருக்கிறது. அதை நான் கவனித்ததே அப்போதுதான்.

இந்தச் செடியின் தாவரவியல் பெயர் பற்றி எப்போதோ படித்தது அப்போது நினைவுக்கு வந்தது. 1766இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய பூகன்வில் என்ற தளபதியின் பெயர் அது. செடியைச் சேகரித்தது அவர் அல்ல, கூடப் போன கொமர்சோன் என்ற தாவரவியலாளர். இடம் ரியோ டி ஜெனிரோ, வருஷம் 1767. கொமர்சோனுக்குக் காலில் ஆறாத புண். அவருடைய உதவியாளர்தான் மேடும் பள்ளமும் ஏறிச் செடி சேகரித்தவர். அந்த உதவியாளர் ஆண் வேஷம் போட்ட ஒரு பெண், ழான் பாரே. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் அந்த வேஷம். ஆகவே இந்தக் கிளையை முதலில் ஒடித்தது அவள் கையாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அவள் பெயரில் ஒரு செடி வந்தது 2012இல்தான், நம் கத்தரிக்காய்க்கு உறவான ஒரு கொடி. இதைப் படித்தபோது, பெயர் ஒருவருக்கு உழைப்பு இன்னொருவருக்கா என்று கோபம் வந்தது. இப்போது என் யோசனை வேறு பக்கம் போகிறது. ரியோவில் அவர்கள் யாரிடமாவது கேட்டார்களா? ஒடித்துக்கொண்டு கப்பலேறிய பிறகு அந்த இடத்தை யாராவது வந்து பார்த்தார்களா? ஒடித்தவர் பெயர் இரண்டரை நூற்றாண்டு கழித்தாவது வருகிறது. மஞ்சள் தடவுகிறவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் வருவதில்லை.

இப்படியெல்லாம் யோசித்துத்தான் என் செடியிலிருந்து ஒரு கன்று கிளப்பினேன், அந்த வீட்டில் கொடுக்க. அவர்களிடம் இருக்கிற செடியையே அவர்களுக்குக் கொடுப்பது கோமாளித்தனம் என்று மனைவி சொன்னாள். சரிதான். இருந்தாலும் கிளப்பினேன்.

இந்தப் பொங்கலுக்கு முன் அந்த வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுவருக்கு வெள்ளை, கேட் தூணுக்கு மஞ்சள். ஏணி சாய்க்க இடைஞ்சலாக இருந்த கிளைகளைப் பெயிண்டர் வெட்டித் தெருவோரம் குவித்திருந்தார். எல்லாம் சாய்வான, சுத்தமான வெட்டு. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோலக் கிடந்தது குவியல். நான் ஒன்றும் எடுக்கவில்லை. செடியில் மிச்சமிருந்த இலைகளிலும் வெட்டுவாய்களிலும் மஞ்சள் சொட்டு தெறித்திருந்தது.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வருஷமும் பொங்கலுக்கு முந்தின வாரம்தான். அப்போது தூண் என்ன நிறம்? ஞாபகம் இல்லை. ஏணி நின்றதா, அதுவும் ஞாபகம் இல்லை. மஞ்சளைத் தொட்டுப் பார்க்கவில்லை, முகர்ந்து பார்க்கவில்லை. பயந்துகொண்டு தெருவின் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்ததுதான்.

நான் ஒடித்த இடத்தை இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குக் கீழேயிருந்து எத்தனையோ கிளை விட்டுவிட்டது. கன்று மாடிப்படியில், பையின் ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்க்க, பங்குனி வெயிலில் நிற்கிறது. மஞ்சள் தடவியவர் என்று ஒருவர் அந்த வீட்டில் இல்லையென்றால், மணியை அடித்து நான் யாரிடம் என்ன சொல்வது?