எல்லையில்லாச் சந்தையும் பொருள் வரைதலும்

இல்லறத்தில் நிற்கும் சாவகர், சாவகியர் அனைவரும் அறிந்த அணுவிரதங்கள் ஐந்து. அவற்றுள் கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறர்மனை நயவாமை ஆகிய நான்கினைப் பற்றியும் நாம் அடிக்கடி பேசுகிறோம். ஐந்தாவதாகிய பொருள் வரைதலுக்கு வரும்போது மட்டும் நம் குரல் சற்றே தாழ்ந்துவிடுகிறது. மற்ற நான்கும் 'செய்யற்க' என்று விலக்குகின்றன; ஐந்தாவது விரதமோ 'உனக்கு எவ்வளவு போதும்?' என்று வினவுகிறது. இவ்வினாவிற்கு வேறொருவர் விடை கூற இயலாது. ஒவ்வோர் இல்லத்தாரும் தாமே கூறிக்கொள்ள வேண்டும்.

இவ்வினா இன்று புதியதோர் உருவில் நம் வீட்டுப் பிள்ளைகள் முன் வந்து நிற்கிறது. கிரிப்டோ நாணயங்களைக் கைபேசி வழியே வாங்கி விற்போரும், கணிப்பொறி கொண்டு அவற்றை ஈட்ட முயல்வோரும் நம்மிடையே உளர். விலை ஏறும்போதும் வீழும்போதும் மனத்தை அடக்குவது எவ்வாறு என்பது அவர்தம் கேள்வி. அச்சத்தையும் ஆசையையும் அடக்கினால் இலாபம் தானே வரும் என்று சந்தை ஆசிரியர்கள் விடை கூறுகின்றனர். அவ்விடை போதுமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாணயம் பிறக்கும் விதம்

பொருளின் இயல்பை அறியாது அதன்மீது எழும் விருப்பு வெறுப்புகளை ஆராய்தல் இயலாது. 2008 அக்டோபரில் சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் ஒருவர் பிட்காயின் என்னும் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3 அன்று அதன் பேரேட்டின் முதற்பக்கம் எழுதப்பெற்றது. எந்த அரசும் வங்கியும் அப்பேரேட்டை வைத்திருக்கவில்லை. உலகெங்குமுள்ள கணிப்பொறிகள் பல அதன் படிகளைத் தாங்கி நிற்கின்றன. ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை புதிய பக்கம் ஒன்று சேர்கிறது. அப்பக்கத்தை முத்திரையிடும் உரிமைக்காகக் கணிப்பொறிகள் கடுங்கணக்கில் போட்டியிடுகின்றன. வென்றவருக்குப் புதுநாணயம் பரிசாகக் கிடைக்கும். இதனையே மைனிங், அதாவது நாணயம் அகழ்தல் என்கின்றனர். 2024 ஏப்ரல் முதல் அப்பரிசு பக்கத்திற்கு 3.125 பிட்காயின் ஆகும். மொத்த நாணயங்கள் 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டா என்பதும் திட்டத்திலேயே வகுக்கப்பட்டுள்ளது.

நாஞ்சில் நாட்டாருக்கு அகழ்தல் புதிதன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலை அள்ளி, இல்மனைட், மோனசைட் முதலிய கனிமங்களைப் பிரித்தெடுப்பதை நெடுங்காலமாகக் கண்டு வருகிறோம். அங்கே கூடுதலாக அள்ளினால் கூடுதலாகக் கிடைக்கும். வயலிலும் அவ்வாறே, நீரும் உழைப்பும் மிகுந்தால் விளைவும் மிகும். பிட்காயினின் நியதி வேறு. பொறிகள் பெருகினால் கணக்கின் கடுமையும் கூடும். 2,016 பக்கங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒருமுறை, அக்கடுமை திருத்தி அமைக்கப்படுகிறது. எனவே உலகில் பத்துப் பேர் அகழினும் பத்துக் கோடிப் பேர் அகழினும் புதுநாணயத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் பங்கு கூடினால் மற்றொருவர் பங்கு குறையும்.

தோவாளையில் இல்லாத இடர்

விலையின் ஏற்றத்தாழ்வும் இம்மண்ணுக்குப் புதிதன்று. தோவாளை மலர்ச் சந்தையில் ஓணத்தின் போதும் முகூர்த்த நாள்களிலும் பிச்சியும் மல்லிகையும் விற்கும் விலை, விழா கடந்ததும் தலைகீழாக வீழ்வதைக் காண்கிறோம். குலசேகரம் வட்டாரத்து ரப்பர் விவசாயிகள், 2011-இல் கிலோ 240 ரூபாய் அளவிற்கு விற்ற ரப்பர் ஷீட் 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியதைக் கண்டவர்கள்.

ஆயினும் மலருக்கு ஒரு நன்மை உண்டு. அது வாடும். வாடுமுன் விற்றுத் தீர வேண்டியிருப்பதால் வணிகரின் கவலையும் அன்றைய பொழுதோடு முடிகிறது. ரப்பரைத் தந்த மரம் விலை வீழ்ந்த பின்னும் தோட்டத்தில் நிற்கிறது. கிரிப்டோ சந்தைக்கு அந்தி இல்லை, விடுமுறை இல்லை, ஆண்டின் 365 நாள்களிலும் 24 மணி நேரமும் அது திறந்தே கிடக்கிறது. 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவைத் தொட்ட பிட்காயின், ஓராண்டிற்குள் 16,000 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. 2024 டிசம்பரில் ஒரு இலட்சம் டாலரைத் தாண்டியது. இத்தகைய அலையின் முன் கதவடைக்கும் பொறுப்பு முழுவதும் தனி மனிதன் மீதே விழுகிறது.

அந்தி சாய்ந்தபின் உண்ணாமையை ஒழுக்கமாகக் கொண்ட இல்லங்கள் நம்முடையவை. நாவிற்கு ஒரு நேர வரம்பு இடத் தெரிந்த நமக்கு, விளக்கேற்றிய பின் விலைப்பலகையைப் பார்ப்பதில்லை என்று கண்ணிற்கும் ஒரு வரம்பிடுதல் அரிதாகுமோ?

மனம் வேகும் வழிகள்

உமாசுவாமி ஆசாரியார் தத்துவார்த்த சூத்திரத்தில் ஆர்த்த தியானத்தை நால்வகையாகப் பகுத்துள்ளார். வேண்டாதது வந்து சேர்ந்ததை எண்ணி வருந்துதல் ஒன்று. வேண்டியது பிரிந்ததை எண்ணி ஏங்குதல் ஒன்று. நோயை எண்ணி நைதல் ஒன்று. இனிப் பெறவேண்டும் இன்பத்தை எண்ணித் தவித்தல் ஒன்று. விலை வீழ்ந்த இரவில் உறங்காதவர் முதலாவதில் உழல்கிறார். 'விற்றுவிட்டேனே, பொறுத்திருந்தால் பத்து மடங்காயிருக்குமே' என்பவர் இரண்டாவதில் நிற்கிறார். அவ்வுறக்கமின்மை உடலை வாட்டும்போது மூன்றாவதும் வந்து சேரும். 'அவர் வாங்கிவிட்டார், நான் பின்தங்கிவிட்டேன்' என்று கடன் வாங்கி ஓடுபவரைப் பிடித்திருப்பது நான்காவதாகும்.

இரண்டாவதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 2010 மே 22 அன்று அமெரிக்கர் ஒருவர் 10,000 பிட்காயின்களைக் கொடுத்து இரண்டு பீட்சா பெற்றார். இன்றைய விலையைக் கணக்கிட்டு அவரை ஏளனம் செய்வோர் பலர். அன்று அவருக்குப் பசித்தது, உணவு கிடைத்தது, விற்றவரும் மகிழ்ந்தார். கொடுக்கல் வாங்கலில் குறை ஏதும் இல்லை. பின்வந்த விலையைக் கொண்டு முன்செய்த செயலை அளப்பதே துன்பத்தின் தோற்றுவாய்.

இலாபம் கண்டவரும் தப்பியவர் அல்லர். ரௌத்திர தியானத்தின் நால்வகையுள் ஒன்று, தான் சேர்த்த பொருளைக் காப்பதிலேயே மனம் கொடியதாக இறுகிக் கிடத்தல். யாரும் அறியாவண்ணம் மறைத்து, மனைவி மக்களையும் ஐயுற்று, கைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துறங்கும் செல்வர் பெற்ற செல்வம்தான் யாது?

சந்தை ஆசிரியர்கள் கற்பிக்கும் அடக்கம் இங்கேதான் குறைபடுகிறது. கோபத்தையும் அச்சத்தையும் அவர்கள் கட்டச் சொல்வது உலோபத்திற்கு வழிவிடுவதற்காகவே. நான்கு கஷாயங்களுள் மூன்றைக் கட்டி நான்காவதன் ஏவலுக்கு விட்டால் மனம் அமைதியுறாது. அதன் ஓட்டம் சீராவது ஒன்றே பயன்.

நடைமுறை இடர்கள்

மனத்தை விடுத்துக் கணக்கிற்கு வருவோம். 3,250 வாட் மின்சாரம் கொள்ளும் பொறி ஒன்றை இரவும் பகலும் இயக்கினால் நாளொன்றுக்கு 78 யூனிட், மாதம் 2,340 யூனிட் செலவாகும். யூனிட்டிற்குப் பத்து ரூபாய் எனக் கொண்டாலும் 23,400 ரூபாய். வெப்பமும் இரைச்சலும் வேறு. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளை அண்ணாந்து பார்த்து, 'காற்று இலவசமாயிற்றே' என்று சொல்லலாம். அம்மின்சாரம் வேறொரு வீட்டின் விளக்கிற்கும் பம்புசெட்டிற்கும் போகக்கூடியது என்பதை மறத்தலாகாது. பேரேட்டைக் காப்பதும் ஒரு தொண்டே என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. எனினும் எத்திரியம் என்னும் நாணயம் 2022 செப்டம்பரில் இப்போட்டிக் கணக்கைக் கைவிட்டு, தன் மின்செலவை 99 விழுக்காட்டிற்கு மேல் குறைத்துக்கொண்டது. குறைந்த தீங்கில் அதே தொண்டு நடைபெறுமாயின், பயனின்றித் தீங்கு விளைக்கும் அநர்த்த தண்டம் எது என்பதை அகழ்வோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வரியின் நிலையும் கடியது. 2022-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை இவ்வகை இலாபத்திற்கு 30 விழுக்காடு வரி விதித்தது. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழித்தலும் ஆகாது என்றது. ஒன்றில் ஓர் இலட்சம் ஈட்டி மற்றொன்றில் ஓர் இலட்சம் இழந்தவர் கையில் மிச்சம் ஏதும் இல்லை. ஆயினும் 30,000 ரூபாயும் அதன்மேல் செஸ் வரியும் செலுத்த வேண்டும். வாங்கிய விலை தவிர வேறு செலவுகளைக் கழிக்கவும் இடமில்லை.

காப்பு பற்றியும் ஒரு சொல். தம் சாவிச்சொற்களைத் தாமே வைத்திருப்பவர் அவற்றைத் தொலைத்தால் முறையிட ஓர் அலுவலகம் இல்லை. பிறரிடம் ஒப்படைத்தாலோ, அவர்தம் இடர் நம் இடராகும். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்து, பணம் போட்டவர்கள் பலர் தவித்தனர். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்னும் இந்தியப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் பெறுமானமுள்ள நாணயங்கள் களவாடப்பட்டன. வாடிக்கையாளர் ஓராண்டிற்கும் மேலாகத் தம் பொருளை எடுக்க இயலாதிருந்தனர். கருவிகள் மாறினும் நம்பிக்கை முறியும் விதம் மாறவில்லை.

அவ்வழக்கு ஒன்றில்தான், 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் கிரிப்டோ நாணயம் ஒருவகைச் சொத்தே என்று தீர்ப்புரைத்தது. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை உடைமையாகக் கருதலாமா என்று ஐயுறும் சாவகர்க்கும் இது பயன்படும். சொத்தெனில் அது பொருள் வரைதலின் கணக்கிலும் சேரும்.

எல்லையை வகுக்கும் காலம்

இனி நம் கருத்தைக் கூறுவோம். எல்லை என்பது விலையை அறியுமுன் வகுக்கப்பட வேண்டும். ஏறும்போது வகுத்தால் ஆசை வகுக்கும். இறங்கும்போது வகுத்தால் அச்சம் வகுக்கும். வாங்குமுன், சாமாயிகத்தில் அமர்ந்தெழுந்த மனத்தோடு வகுக்கும் எல்லையே நம்முடையது.

அவ்வெல்லை நான்கு கூறுடையதாக அமைதல் நன்று. முதலாவது, அளவு: முற்றிலும் அழிந்தாலும் குடும்பத்தின் உணவு, கல்வி, மருத்துவம் எதுவும் குன்றாத தொகை. இரண்டாவது, உரிமை: கடன் பணம், மனைவியின் நகை, தம்பியின் பங்கு, சங்கத்தின் நிதி ஆகியன அதில் கலவாமை. மூன்றாவது, காலம்: நாளில் இன்ன நேரம், அதற்குமேல் இல்லை என்பது. நான்காவது, வெளிப்படை: கணக்கினை இல்லத்தார் ஒருவரேனும் அறிந்திருத்தல். மறைத்து வைக்கும் பொருளில் மாயம் என்னும் கஷாயம் புகுந்துவிடும்.

ஈண்டு ஒரு தடை எழும். 'நான் எதனையும் சேர்க்கவில்லை, விலைதானே ஏறிற்று. விரதம் எவ்வாறு மீறப்படும்?' என்பது அது. நிலத்திற்கும் பொன்னிற்கும் இக்கேள்வி முன்பே உண்டு. நாள்தோறும் விலை பார்த்து அளப்பது நோயை வளர்க்கும். வீரர் நிர்வாணம் எய்திய தீபாவளி நன்னாளை ஆண்டுக் கணக்கு நாளாகக் கொள்வோமாக. அன்றைய மதிப்பு தாம் வகுத்த எல்லையைக் கடந்திருப்பின், மிகையானதை உணவு, மருந்து, அடைக்கலம், அறநூல் ஆகிய நால்வகைத் தானத்திற்கு ஒதுக்கலாம். குறைந்திருப்பின் பதறி நிரப்ப வேண்டுவதில்லை. எல்லை என்பது கூரை போன்றது. நிரப்பியே தீரவேண்டிய பத்தாயம் அன்று.

இவ்வாறு நின்றவர்க்கு இலாபம் மிகுமா என்று கேட்டால், நாம் உறுதி கூற இயலாது. ஒருவேளை குறையலாம். அவருடைய உறக்கமும் இல்லத்தார் அவர்மீது கொண்ட நம்பிக்கையும் சந்தையின் கையில் இரா என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் குன்று, பழம்பெயரால் திருச்சாரணத்துமலை, நம் முன்னோர் தவம் இயற்றிய தலம். ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கிக் குறத்தியார் அங்குள்ள தெய்வத்திற்குப் பொன்னணி ஈந்தமையைக் கல்வெட்டொன்று கூறுகிறது. அழிக்க இயலாத பேரேடு என்று பிட்காயினைப் புகழ்கின்றனர். ஆயிரம் ஆண்டு கடந்த இக்கல்லும் அத்தகைய பேரேடுதான். அக்குறத்தியார் பெற்றது எவ்வளவு என்பதை அது குறிக்கவில்லை. ஈந்ததையே குறித்து வைத்துள்ளது. எந்த வரவை நம் பெயரில் எழுதிவைக்க விரும்புகிறோம் என்பதை, அடுத்த நாணயத்தை வாங்குமுன் நாம் ஒவ்வொருவரும் எண்ணித் தெளிவோமாக.

அறம் வளர்க!