கணக்கறிவும் தன்மானமும்

கல்வியின் பயன் யாது என்று வினவின், நம்மவருட் பலர் ‘உத்தியோகம்’ என்றே விடை பகர்வர். கணக்குப் பாடமும் அங்ஙனமே பரீட்சைக்கென்று கற்கப்பட்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறக்கப்படுகின்றது. ஒரு குழாய் நிரப்ப மற்றொரு குழாய் வடிக்கும் தொட்டி எப்பொழுது நிரம்பும் என்று பிழையின்றி எழுதும் மாணாக்கன், தன் தந்தையின் சம்பளச் சீட்டைச் சரிபார்க்க மாட்டாது விழிப்பானாயின், அவன் கற்றது கணக்காகுமா?

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் உழைத்த நாட்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, வாளியிற் சுமந்து வந்த பாலைக் கொட்டகையில் நிறுத்துக் கொடுப்பர். பாலின் எடையை மட்டும் பார்த்துக் கூலி கணக்கிடுவதில்லை. அதிலுள்ள உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதையும் பார்ப்பர். அதனை அறிய, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இடுவர். 12 கிலோ பாலில் நூற்றுக்கு 30 பங்கு ரப்பர் என்றால் 3.6 கிலோ ஆகும். 25 பங்கென்று எழுதிவிட்டால் 3 கிலோவே. நாளொன்றுக்கு 600 கிராம் குறைவு. 25 நாளில் 15 கிலோ! நூற்றுவீதம் அறியாதவர் கண்ணுக்கு இக்குறை புலப்படாது. புலப்படாத குறையை எவர் தட்டிக் கேட்பர்? ஆதலின் கணக்கறிவு நீதியைச் சார்ந்ததோர் அறிவாகும்.

இங்கே ஓர் ஐயம் எழும். தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டக் கணக்கையே புகட்டினால், அப்பிள்ளையைத் தோட்டத்திலேயே கட்டிவைத்ததாகாதா? இது புறந்தள்ளத் தக்க ஐயமன்று. 1953ஆம் ஆண்டில் சென்னை இராச்சியத்தில் இராஜாஜி கொணர்ந்த திட்டம், தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயிலுமாறு வகுத்தது. அது குலக்கல்வியே எனப் பெரியார் முதலானோர் எதிர்த்தனர். 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தது நீதியே.

ஆயினும், தொழிலைப் பழக்குவது வேறு. தொழிலின் காரணத்தை ஆராயப் பழக்குவது வேறு. ஓர் உறிஞ்சு குழலின் அடியைக் களிமண்ணால் அடைத்து, நீரிலும் உப்பு நீரிலும் நிமிர்ந்து மிதக்குமாறு விடச் சொல்லுங்கள். உப்பு நீரில் அது சற்று உயர்ந்து நிற்பதை ஒரு சிறுமி தானே காண்பாள், ‘ஏன்?’ என்று கேட்பாள். கனத்த நீர் மிதவையை மேலே தாங்கும் என்று கண்டபின், நீரினும் இலேசான ரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழ்வதும், நீர் மிகுந்த பாலில் உயர்ந்து நிற்பதும் அவளுக்கு விளங்கும். கொட்டகைக் கருவி இனி அவளுக்கு மாயமன்று. அதே விதியாலன்றோ சிங்கப்பூர்த் துறையில் பெருங்கப்பல்கள் மிதக்கின்றன! பால் வாளியருகே தொடங்கிய அறிவு கப்பல் கட்டும் பொறியியல் வரை செல்லலாம். அதற்குத் தோட்டத்தின் எல்லை வேலியாகாது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! அளக்கவும், செய்து பார்க்கவும், ‘இது சரிதானா?’ என்று அஞ்சாது கேட்கவும் நம் பிள்ளைகளுக்கு இடங்கொடுங்கள். பிறர் எழுதிய கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கத் துணிந்த பிள்ளையை, நாளை எவரும் எளிதில் ஏய்க்கவியலாது.