மறுத்தால் எங்கே போவாள்?

1858-இல் ஆங்கிலேயர்கள் அந்தமானில் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கியபோது கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்கள் ஆண்கள். பெண் கைதிகள் மிகச் சிலரே. கணவனையோ பிள்ளையையோ கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்களில் பலர். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிப் பெற்ற சிசுவை அழித்த கைம்பெண்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தப் பெண்களுக்காக சௌத் பாயின்ட்டில் தனிச்சிறை கட்டினார்கள். குடும்பம் என்று ஒன்று அமைந்துவிட்டால் ஆண் கைதிகள் அடங்கி வாழ்வார்கள் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அதனால் பல ஆண்டுகள் ஒழுங்காக நடந்து, வெளியே உழைத்துப் பிழைக்க அனுமதிச்சீட்டு பெற்ற ஆண் கைதி அந்தச் சிறைக்கு வரலாம். வரிசையில் நிறுத்தப்பட்ட பெண்களில் ஒருத்தியை மனைவியாகக் கேட்கலாம். அவள் மறுக்கவும் விதி இடம் கொடுத்தது. இருவரும் சம்மதித்தால் அதிகாரி முன்னிலையில் பதிவு நடக்கும், அவளுக்குச் சிறைக்கதவு திறக்கும்.

விதியைப் படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆணின் சம்மதம் கேட்கப்பட்டது, பெண்ணின் சம்மதமும் கேட்கப்பட்டது. ஆனால் அவன் மறுத்தால் தன் குடிசைக்குத் திரும்புவான், அவள் மறுத்தால் சிறைக்குத் திரும்ப வேண்டும். மணமுடித்து வெளியே வந்த பிறகும் அவளுடைய விடுதலை கணவனின் அனுமதிச்சீட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மண உறவுகளில் பிறந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் உள்ளூர்ச் சமூகமாகத் தீவில் மதிப்போடு வாழ்கிறார்கள். எத்தனையோ பெண்கள் கிடைத்த வாழ்வை நல்வாழ்வாக ஆக்கிக்காட்டினார்கள், அது அவர்களுடைய திறம். அந்த விதிக்கு அதில் பெருமை இல்லை.

பெண்ணுக்குச் சமத்துவம் வந்துவிட்டதா என்ற கேள்வியை இந்த இடத்தில் வைத்துக் கேட்பதே சரி. அவளுக்கு என்னென்ன உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் போதாது. வேண்டாம் என்று சொன்னால் அவள் எதை இழக்கிறாள் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டையும் சோற்றையும் பிள்ளைகளையும் இழக்காமல் மறுக்க முடியாதவளின் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

சிறைக் காலத்தோடு இன்றைய அந்தமானை ஒப்பிடுவது மிகை என்று சிலருக்குத் தோன்றும். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் பெண் எழுத்தறிவு 82.43 விழுக்காடு, நாட்டின் சராசரி அப்போது 65-ஐ ஒட்டித்தான் இருந்தது. தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் ராஞ்சியிலிருந்து வந்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களாகக் கலந்து வாழும் ஊர்களில் சாதியின் பிடி தாய்நிலத்தைவிடத் தளர்வு. சாந்தி தெரசா லக்ரா என்ற செவிலியர் லிட்டில் அந்தமானில் ஓங்கே மக்களிடையே டுகாங் கிரீக்கில் ஆற்றிய பணிக்காக 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். 2023-இல் போர்ட் பிளேர் நகர்மன்றத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் எஸ். செல்வி. பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. இவையெல்லாம் மெய்யான முன்னேற்றம், யாரும் தானமாகத் தந்ததும் இல்லை.

ஆனால் மேலே போகப் போகப் படி குறுகுகிறது. இத்தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் இடம். 1952 முதல், நியமனக் காலத்திலும் சரி, 1967-இல் தேர்தல் வந்த பிறகும் சரி, அந்த இடத்தில் ஒரு பெண்கூட அமர்ந்ததில்லை. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் அரசமைப்புத் திருத்தம் 2023-இல் நிறைவேறியபோதே, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகுதான் நடைமுறை என்ற நிபந்தனையும் அதோடு சேர்ந்தே எழுதப்பட்டது.

அதைவிட ஆழமான குறை நிலத்தில் இருக்கிறது. 1949 முதல் கிழக்கு வங்க அகதிக் குடும்பங்களையும், பின்னர் வேறு பகுதியினரையும் இங்கே குடியமர்த்தினார்கள். காட்டை வெட்டி வயலாக்க வேண்டும்; அதற்காகக் குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு நிலம் என்று கொடுத்தார்கள். குடும்பம் என்றால் அதன் தலைவர், தலைவர் என்றால் ஆண். இதை யாரும் விவாதித்து முடிவு செய்யவில்லை. விவாதிக்க வேண்டிய விஷயமாகவே யாருக்கும் படவில்லை. அட்டையையும் கொசுவையும் பொறுத்துக்கொண்டு, சேற்றில் குனிந்து நாற்று நட்டவள் பெண். மாடு கட்டி, பாக்கு உரித்து, பிள்ளை வளர்த்தவளும் அவளே. பதிவேட்டில் அவள் இன்னாரின் மனைவி, அவ்வளவுதான். 1966-ஆம் ஆண்டின் நில வருவாய் ஒழுங்குமுறைப்படி இத்தீவுகளில் நிலமெல்லாம் அரசுடையது. குடியேறியவருக்குக் கிடைப்பது அனுபவிக்கும் உரிமை. ஆகவே பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் எல்லாம். வங்கிக் கடன் அந்தப் பெயரைக் கேட்கும், இழப்பீடும் அந்தப் பெயரைத்தான் தேடிவரும். அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறும் பெண், தான் உண்டாக்கிய வயலையும் விட்டுத்தான் வெளியேறுகிறாள்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இல் வந்தது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று அது சொல்கிறது. மிக நல்ல சட்டம். ஆனால் தென்கோடித் தீவிலுள்ள கேம்ப்பெல் பேயில் இருப்பவளுக்கு உயர்நீதிமன்ற அமர்வும் பெரிய மருத்துவமனையும் போர்ட் பிளேரில், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில். கப்பலில் ஒரு நாளுக்கு மேல் பயணம், அதுவும் கடல் அனுமதித்தால். டிக்கெட்டுக்குப் பணம் யாரிடம் கேட்பாள்?

நிக்கோபாரின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. நன்கௌரியில் ராணி இஸ்லான் போன்ற பெண் தலைவர்கள் இருந்திருக்கிறார்கள். கார் நிக்கோபாரில் துகெத் என்ற பெருங்குடும்பம்தான் வாழ்வின் அடிப்படை. தென்னந்தோப்பும் பன்றிகளும் துகெத்துக்குப் பொது. மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதும் உண்டு, பெண் அவன் வீட்டுக்குப் போவதும் உண்டு. எந்த வீட்டில் வேலைக்கு ஆள் தேவையோ அதைப் பார்த்து முடிவு செய்வார்கள். அங்கே பெண்ணின் சோறு ஒரு தனி ஆணின் கையில் இல்லை. கணவனோடு ஒத்துப்போகாவிட்டாலும் அவளுக்கு அடுப்பு இருந்தது, தேங்காய் இருந்தது, தங்க இடம் இருந்தது. ஏட்டுச்சட்டம் ஏதுமின்றியே, மறுத்துவிட்டு வாழ்வது அவளால் முடிந்தது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. கார் நிக்கோபாரும் கச்சாலும் பேரழிவைக் கண்டன. தப்பியவர்களுக்கு உணவும் கூரையும் பணமும் விரைந்து கொடுக்க வேண்டிய நெருக்கடி நிர்வாகத்துக்கு. நிவாரணப் படிவம் தாய்நிலத்திலிருந்து வந்தது. அதில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள். மேலே குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம். துகெத்துக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. பெருங்குடும்பம் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்து எழுதப்பட்டது. தனித்தனி வீடு, தனித்தனி இழப்பீடு. தலைவர் கட்டத்தில் பெரும்பாலும் ஆணின் பெயர் ஏறியது. யாருடைய பையில் பணம், யாருடைய பெயரில் வீடு என்ற கேள்விகள், அதுவரை அவை பெரிதாக எழாத ஓர் ஊரில் முதன்முறையாக எழுந்தன.

இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நள்ளிரவுவரை கண்விழித்துப் பட்டியல் எழுதிய ஊழியர்களின் உழைப்பை மறுப்பது அநியாயம். ஆனாலும் ஆண்தான் தலைவர் என்ற நம்பிக்கை ஒரு தாளில் அச்சாகிவிட்டால், எழுதும் கை எவ்வளவு நல்ல கையானாலும் விளைவு மாறுவதில்லை. ஆதிக்க மனம் கொண்டவர்கள் திருந்திவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே கடினமான கேள்வி ஒன்று எழுகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 2005-இல் வந்த திருத்தம் மகளுக்கும் மகனுக்கும் பிறப்பிலேயே சமபங்கு தந்தது. தமிழ்நாடு அதை 1989-லேயே செய்திருந்தது. ஆனால் மாநிலத் திருத்தம் மாநில எல்லையோடு நின்றது. இந்து வாரிசுரிமைச் சட்டமோ நிக்கோபாரியர் போன்ற பட்டியல் பழங்குடியினரைத் தொடுவதில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம் இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு மத்திய அரசைக் கேட்டது. 2025-இல் சத்தீஸ்கரின் பழங்குடிப் பெண் ஒருவரின் வாரிசுகளுக்குச் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் நிக்கோபாரிலும் சட்டம் நுழைந்து பங்கு பிரித்துவிடலாமா? கூடாது என்றே தோன்றுகிறது. பெண்ணை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கத்தை நீதிமன்றம் உடைப்பது அறம். பெண்ணுக்கு அடைக்கலம் தரும் வழக்கத்தைச் சமத்துவத்தின் பெயரால் உடைப்பது அறமாகாது. துகெத்திலும் முறையின்மை இருக்கலாம். அதைத் திருத்த வேண்டியவர்கள் அங்குள்ள பெண்களும் ஆண்களும் சேர்ந்துதான். அரசு அங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: இனி எந்தப் படிவத்தைக் கொண்டுபோனாலும், தலைவர் யார் என்பதைத் தானாக முடிவு செய்யாமல் அவர்களைக் கேட்டு எழுதலாம்.

பெயரை மாற்றுவதால் என்ன ஆகிவிடும், கணவர் சொல்கிற இடத்தில்தானே கையெழுத்துப் போடுவாள் என்று கேட்பவர்கள் உண்டு. பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. மனைவி பஞ்சாயத்துத் தலைவராக இருக்க, கணவர் நிர்வாகம் செய்யும் ஊர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அவள் பெயர் இருந்தால் அவளுடைய கையெழுத்து தேவைப்படுகிறது, அதை அவளிடம் கேட்டாக வேண்டியிருக்கிறது. ஒருநாள் அவள் முடியாது என்றால் விற்பனை நின்றுபோகும். கேட்காமலே நடந்துவந்த வீட்டில் இது சிறிய மாற்றமில்லை.

அரசால் இது முடியாது என்றும் சொல்ல முடியாது. 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வீட்டின் பதினெட்டு வயது நிறைந்த மூத்த பெண்ணே ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவர் என்கிறது. தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் முதல் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கே போகிறது. இதனால் எந்தக் குடும்பமும் உடைந்துபோகவில்லை. அரிசிக்கு அவள் தலைவி என்றால், அந்த அரிசி விளைகிற வயலுக்கு ஏன் இல்லை? அந்தமான் நிர்வாகம் ஒவ்வொரு குடியேற்ற நிலப் பதிவிலும் மனைவியின் பெயரைக் கூட்டுரிமையாகச் சேர்க்க வேண்டும். அடுத்த பேரிடரின்போது இழப்பீட்டைப் பெண்ணின் கணக்கிலும் சேர்த்துச் செலுத்த இப்போதே விதி செய்ய வேண்டும்.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் வீட்டு வாசலிலும் குடும்பத் தலைவர் யார் என்று கேட்பார்கள். தலைவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழக்கத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிடாதீர்கள். வீட்டை உண்மையில் நடத்துகிறவர் யாரோ, அவருடைய பெயரைச் சொல்லுங்கள்.